கோடும் கல்லும்

சென்ற ஆவணியில் நம் விடுதி நண்பர் ஒருவர் பல்கலைக்கழக வாயிலுக்கு வெளியே மிதிவண்டியினின்று வீழ்ந்து காறை எலும்பு முறிந்து கிடந்ததை மன்றத்தார் அனைவரும் அறிவீர்கள். அவர் சென்றது சைக்கிளுக்கென்றே வெள்ளைக்கோடு இட்டு ஒதுக்கிய வழிதான். வழியை மறித்து ஒரு கார் நின்றது. அதைச் சுற்றிச் செல்ல அவர் வலப்புறம் ஒதுங்கினார். பின்னால் வந்த பேருந்து உரசியது. அவ்வளவே. மருத்துவமனைக் கட்டிலில் படுத்தவாறு அவர் என்னைக் கேட்ட முதற்கேள்வி, “அண்ணா, கோடு போட்டிருந்தார்களே, பிறகு ஏன்?” என்பது. அன்று எனக்கு விடை தெரியவில்லை.

சாயக்கோட்டின்மேல் சக்கரம் ஏறத் தடை ஏது? பாதுகாப்பான சைக்கிள் பாதை என்று அறிந்தோர் கூறுவது வேறு. சைக்கிளுக்கும் காருக்கும் இடையே உயர்ந்த விளிம்புக்கல்லோ, கம்பங்களின் வரிசையோ, செடி வைத்த திட்டோ நிற்க வேண்டும். கார்கள் நிறுத்த இடம் வேண்டுமாயின் அது பாதைக்கு அப்பால் அமையவேண்டும். காரின் கதவைத் திறந்தாலும் சைக்கிளில் வருபவர்மீது படாத அளவு இடைவெளியும் வேண்டும். நாற்சந்தியில்தான் உண்மையான சோதனை. அங்கே மூலையில் ஒரு கல்திட்டு அமைத்தால் திரும்பும் கார் வேகம் குறைந்து, சற்று விலகி வளைய நேரும். அப்போது சைக்கிளில் செல்பவர் ஓட்டுநரின் கண்ணுக்கு நேரே தெரிவார். சந்தியை மறந்துவிட்டு நேர்ச்சாலையில் மட்டும் கல் பதிப்பது பாதி வேலையே.

ஹாலந்து நாட்டைப் படங்களில் கண்ட நாம், இவையெல்லாம் அங்கே ஆதியிலிருந்தே உள்ளவை என்று எண்ணுகிறோம். நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். உண்மை அதுவன்று. போருக்குப் பின் அங்கும் கார் பெருகிற்று. சாலையை அகலமாக்க வீடுகள் இடிக்கப்பட்டன. சைக்கிள் ஓரம் தள்ளப்பட்டது. 1971ஆம் ஆண்டில் மட்டும் சாலை விபத்துகளில் ஏறத்தாழ 3,300 பேர் மாண்டனர். அவர்களுள் நானூற்றுக்கு மேற்பட்டோர் குழந்தைகள். விக் லாங்கன்ஹோஃப் என்ற பத்திரிகையாளரின் மகளும் அவ்வாண்டு பள்ளிக்குச் சைக்கிளில் செல்லும்போது இறந்தாள். 1972இல் அவர் தம் நாளிதழில் எழுதிய கட்டுரையிலிருந்து ‘குழந்தைக் கொலையை நிறுத்துங்கள்’ என்ற பெயரிலேயே ஓர் இயக்கம் கிளம்பிற்று. மார்த்யே வான் புட்டன் என்ற இளந்தாய் அதன் முதல் தலைவியானார்.

அவர்கள் செய்ததைக் கேளுங்கள். தெருவை அடைத்து நடுவே மேசை போட்டு விருந்துண்டனர். விபத்து மிகுந்த இடங்களில் கூடி நின்றனர். பிரதமர் டென் ஆய்ல் வீட்டுக்குச் சைக்கிளில் சென்று பாட்டுப் பாடி முறையிட்டனர்! ஆம்ஸ்டர்டாமில் டி பைப் என்னும் நெருக்கமான பகுதியின் சிறுவர்கள், 1972இல் விளையாட இடம் கேட்டு வீடு வீடாகக் கையெழுத்து வாங்கினர். தாமே தெருவுக்குத் தடுப்பும் வைத்தனர். அதை அகற்ற முயன்ற கார்க்காரருடன் நேர்ந்த சச்சரவு அக்கால ஆவணப்படத்தில் இன்றும் காணக் கிடைக்கிறது. 1973இல் எண்ணெய் நெருக்கடி வந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓடாத சாலை எப்படியிருக்கும் என்பதை நாடே கண்டது. 1975இல் சைக்கிளோட்டிகள் சங்கம் பிறந்தது. மறு ஆண்டு, குடியிருப்புத் தெருவில் நடப்பவருக்கே முதலுரிமை என்பது சட்டமாயிற்று. டில்பர்க், ஹேக் நகரங்களில் அரசின் பொருளுதவியால் தனிப்பாதைகள் அமைத்துச் சோதித்தனர். 2010இல் சாலைச் சாவுகள் எழுநூற்றுக்கும் கீழே இறங்கியிருந்தன. இருக்கைவார், தலைக்கவசம் போன்றவற்றுக்கும் இதில் பங்குண்டு. எல்லாப் புகழையும் பாதைக்கே சூட்டிவிடக் கூடாது.

இனி நம் டில்லிக்கு வருவோம். அம்பேத்கர் நகரிலிருந்து மூல்சந்த் வரை 5.8 கிலோமீட்டருக்கு 2008இல் பேருந்துத் தடம் அமைந்தபோது, அதனுடன் கல் வைத்துப் பிரித்த சைக்கிள் பாதையும் வந்தது. கார்க்காரர்கள் கொதித்தனர். வழக்குத் தொடுத்தனர், 2012இல் உயர்நீதிமன்றம் அதைத் தள்ளிற்று. ஆயினும் 2016இல் அத்தடத்தை இடித்துவிட்டனர். அப்பாதையில் நாள்தோறும் சென்ற காவற்காரருக்கும் கொத்தனாருக்கும் பத்திரிகையில் எழுதவோ நீதிமன்றம் ஏறவோ நேரம் ஏது? ஹாலந்தில் தெருவார் கேட்டு வாங்கினர். இங்கே வல்லுநர் வரைந்து கொடுத்தனர். வேறுபாடு இதில்தான் உள்ளது என்பது என் கருத்து.

நம் வாயிலிலிருந்து சந்தி வரை முந்நூறு அடி தூரமே. அங்கே கம்பங்கள் நடுமாறு கோரி நாற்பத்தொருவர் கையொப்பமிட்ட மனு கொடுத்தோம். “அங்கே சைக்கிளில் செல்வோர் எத்தனை பேர்?” என்று அலுவலகத்தார் கேட்டனர். நியாயமான கேள்வி. வரும் திங்கட்கிழமை காலை ஏழு மணி முதல் பத்து மணி வரை வாயிலில் அமர்ந்து எண்ணப் போகிறோம். காறை எலும்பு கூடிய நம் நண்பரும் வருகிறார். இன்னும் இருவர் தேவை. தேநீர் மன்றத்தின் செலவு.