20 இனம் எழுதிய சிட்டையில் 21-ஆவது இனம்

சென்ற மாதம் சங்கக் கூட்டம் முடிந்து காபி சாப்பிடும்போது பலசரக்குக் கடை அன்பர் ஒருவர், "அண்ணாச்சி, 2024-ல உலகம் பூரா கம்ப்யூட்டர் நீலமாகி நின்னுதே, அது நம்ம பில் மெஷினுக்கும் வருமா?" என்று கேட்டார். அன்று நாம் சொன்ன பதில் அரைகுறை. பிறகு விவரம் தெரிந்தவர்களிடம் கேட்டு அறிந்ததை இங்கே எழுதுகிறோம்.

2024 ஜூலை 19, ஆடி முதல் வெள்ளி. காலை 9.39 மணிக்கு அமெரிக்காவின் கிரவுட்ஸ்டிரைக் நிறுவனம் தன் பாதுகாப்பு மென்பொருளுக்கு ஒரு சிறு ஃபைலை அனுப்பியது, 10.57-க்குத் திரும்பப் பெற்றது. அந்த 78 நிமிடத்தில் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் படுத்துவிட்டன என்பது மைக்ரோசாஃப்ட் சொன்ன கணக்கு. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். ஆஸ்திரேலியாவில் பெரிய மளிகைக் கடைகளிலேயே பில் போட முடியவில்லை. இங்கே 10 வங்கி, நிதி நிறுவனங்களுக்குச் சிறு தடங்கல் மட்டுமே என்று ரிசர்வ் வங்கி அறிவித்தது.

கோளாறு 'டிரைவர்' என்ற வகை மென்பொருளில். (லாரி டிரைவரா என்று நாம் கேட்க, பேரன் சிரித்தான்.) பிரிண்டர், ஸ்கேனர் போன்றவற்றை விண்டோஸோடு சேர்த்து வேலை வாங்குவது டிரைவர். சில பாதுகாப்பு மென்பொருள்களும் டிரைவராகவே உள்ளே உட்காரும். மற்ற மென்பொருள்கள் மேசைக்கு வெளியே நிற்கும் வாடிக்கையாளர் மாதிரி. ஒருவர் மயங்கி விழுந்தாலும் கடை நடக்கும். இந்த வகை டிரைவரோ கல்லாச் சாவியோடு உள்ளே நிற்பவர். அவர் தடுமாறினால், இனி எதையும் நம்ப முடியாது என்று விண்டோஸ் ஷட்டரையே இறக்கிவிடும். நீலத் திரை அதுதான்.

தடுமாற்றம் என்ன? வந்த ஃபைல் 21-ஆவது விவரத்தையும் பார்க்கச் சொன்னது. டிரைவர் கையில் இருந்ததோ 20. கடைப் பையனிடம் 20 இனம் எழுதிய சிட்டையைக் கொடுத்து 21-ஆவதைப் படி என்றால், "இல்லையே அண்ணாச்சி" என்பான். கம்ப்யூட்டர் அப்படிச் சொல்லாது. எண்ணிப் பார் என்று எழுதி வைக்காவிட்டால், 20-க்கு அடுத்த இடத்தில் கிடப்பதை எடுக்கப் போகும். அங்கே அதற்கு உரிமையில்லாத இடம், விழுந்தது. அதற்கு முன் வந்த ஃபைல்களில் 21-ஆவது கட்டத்தில் 'எதுவானாலும் சரி' என்று இருந்ததால் யாரும் அதைப் பார்க்க நேரவில்லை. ஓட்டை மாதக்கணக்கில் இருந்தும் தெரியவில்லை.

ஃபைலைத் திரும்பப் பெற்றும் பயனில்லை. கம்ப்யூட்டரைப் போட்டதும் டிரைவர் எழுந்து மறுபடி விழும். ஆள் போய் ஒவ்வொன்றிலும் அந்த ஃபைலைக் கையால் நீக்க வேண்டியிருந்தது. டெல்டா விமான நிறுவனம் சுமார் 7,000 பயணங்களை ரத்து செய்தது.

அந்த மென்பொருளை வாங்குவோர் பெரும்பாலும் பெரிய நிறுவனங்கள். நம் கடைகளில் அரிது. ஆனால் எண்ணிப் பார்க்காத டிரைவர் எந்தக் கம்ப்யூட்டரிலும் இருக்கலாம். அந்த நிறுவனம் பின்னர் எண்ணிப் பார்க்கும் சோதனையைச் சேர்த்தது. எல்லோருக்கும் ஒரே நேரத்தில் அனுப்பாமல் படிப்படியாக அனுப்பவும் ஆரம்பித்தது. புது மில் பருப்பு வந்தால் ஒரு மூட்டையைப் பிரித்துப் பார்த்த பிறகே லோடு இறக்குகிற நமக்கு இது புதிதா என்ன?

நம் கடையில் இரண்டு கம்ப்யூட்டர். அப்டேட் வந்தால் ஞாயிறு மதியம் ஒன்றில் மட்டும் போடுகிறோம். மற்றது ஒரு வாரம் கழித்து. கல்லாவுக்கு அடியில் கார்பன் பில் புத்தகம் இரண்டும், மாதம் ஒருமுறை அச்செடுத்த விலைப் பட்டியலும் உண்டு. போன வாரம் கரண்ட் போய் 40 நிமிடம் அதில்தான் வியாபாரம் ஓடியது. பிறகு கம்ப்யூட்டரில் ஏற்றும்போது இரண்டு பில்லில் ஜி.எஸ்.டி. விகிதம் தப்பாக இருந்தது. அடுத்த பட்டியலில் விகிதத்தையும் சேர்த்து அடிக்கச் சொல்லியிருக்கிறோம்.