வீட்டுக் கூடத்தில் ஒரு சமுத்திரம்

லண்டன் மாநகரம். வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தை அடுத்த ஒரு வீடு. திறந்த ஜன்னலுக்கு எதிரே பணிப்பெண் ஒருத்தி நிற்கிறாள். ஒரு பாத்திரத்தில் உள்ள தண்ணீரை மற்றொரு பாத்திரத்தில் தூக்கி ஊற்றுகிறாள்; பிறகு அதிலிருந்து இதில் ஊற்றுகிறாள். நம் ஊர்க் காப்பிக் கிளப்பில் காப்பி ஆற்றுவார்களே, அதே மாதிரி! அரை மணி, முக்கால் மணி நேரம் இந்த வேலை நடக்கிறது. நாள் தவறாமல் நடக்கிறது.

அவள் ஆற்றியது காப்பி அல்ல, கடல் தண்ணீர்!

அது 1846-ம் ஆண்டு. வீட்டு எஜமானி அன்னா தைன் சீமாட்டி, டார்க்கீ என்ற கடற்கரை ஊரிலிருந்து உயிருள்ள பவளப் பூச்சிகளைக் கொண்டு வந்திருந்தார். வழியில் அவை உருண்டு சிதையாமல் இருப்பதற்காக, பெரிய கடற்பஞ்சு ஒன்றில் ஊசியும் நூலும் கொண்டு தைத்தே எடுத்து வந்தார். வந்து சேர்ந்தபின் அல்லவா கஷ்டம்! கடலில் அலை அடிக்கிறது. அலையோடு பிராணவாயு தண்ணீரில் கலக்கிறது. ஜாடித் தண்ணீருக்கு அலை ஏது? ஆகவே பணிப்பெண்ணின் இரண்டு கைகளும் அலையாக மாறின. பவளப் பூச்சிகள் பிழைத்தன.

இன்று அந்தப் பெண்ணின் வேலையைப் பம்பு செய்கிறது. தண்ணீர் குறைந்தால் யந்திரமே ஊற்றுகிறது. சூடு ஏறினால் யந்திரமே குளிர்விக்கிறது. விடிந்தால் விளக்கேற்றி, இருட்டினால் அணைக்கிறது. வெளியூர் போன எஜமானருக்குச் செல்போனில் செய்தியும் அனுப்புகிறது. "அப்படியானால் பொத்தானை அமுக்கிவிட்டு நிம்மதியாக உட்காரலாமே!" என்று நினைப்பவர்கள் உண்டு. அப்படி நினைத்தவர்கள் வீட்டில்தான், ஒரே ராத்திரியில் தொட்டி மயானமாகிறது.

ஒன்றரை டன் பாரம்

பெரிய தொட்டி என்றால் எவ்வளவு பெரிது? ஆறடி நீளம், இரண்டரை அடி அகலம், இரண்டரை அடி உயரம் என்று வைத்துக்கொள்வோம். விளிம்பில் சற்று இடம் விட்டு நிரப்பினால் ஆயிரம் லிட்டர் பிடிக்கும். தண்ணீரின் கனம் மட்டும் ஒரு டன்! கண்ணாடி, பாறை, தாங்கும் மேஜை, அதன் அடியில் வடிகட்டும் கருவிகள் இருக்கும் அடித்தொட்டி எல்லாம் சேர்ந்தால் ஒன்றரை டன் ஆகிவிடும்.

வீட்டுத் தளங்கள் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ என்ற கணக்கில் கட்டப்படுவது வழக்கம். இந்தத் தொட்டி நிற்கும் இடமோ ஒன்றரைச் சதுர மீட்டருக்கும் குறைவு. அதாவது கணக்கைப் போல ஐந்து மடங்கு பாரம் ஒரே இடத்தில் உட்காருகிறது! ஆகவே முதல் யோசனை கேட்க வேண்டியது மீன் கடைக்காரரிடம் அல்ல, கட்டட எஞ்சினீயரிடம். தரைத் தளத்து வீடானால் கவலை பாதி குறையும்.

உப்பைக் கரைத்தால் கடலா?

அடுத்தது தண்ணீர். "கடற்கரையில்தானே இருக்கிறோம், நாலு குடம் மொண்டு வந்தால் போதாதா?" என்று கேட்கலாம். நகரங்களை ஒட்டிய கரையோரத் தண்ணீரில் சாக்கடையும் எண்ணெயும் கலந்திருக்கக்கூடும். சமையல் உப்பைக் கரைத்தாலும் கடல் ஆகிவிடாது. கடல் உப்பில் மக்னீசியம், கால்சியம், பொட்டாசியம் என்று பல சரக்குகள் இருக்கின்றன. இவற்றைக் கலந்து கடலுக்குப் போகாமலே கடல்நீர் தயாரிக்கலாம் என்பதை, இங்கிலாந்தில் பிலிப் ஹென்றி காஸ் என்ற இயற்கை நூல் வல்லார் 1854-லேயே செய்து காட்டினார்.

இன்று அந்தக் கலவை பையில் அடைத்து விற்கப்படுகிறது. ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு. ஆயிரம் லிட்டருக்கு 35 கிலோ! ஒரு சிப்பத்துக்கு மேல் வேண்டியிருக்கும். கரைக்கும் தண்ணீர் குழாய்த் தண்ணீராக இருக்கலாகாது. அதில் உள்ள குளோரின் மீனைக் கொல்லும்; பாஸ்பேட் பாசியை வளர்க்கும். ஆர்.ஓ. யந்திரத்தில் வடித்து, அதற்கு மேலும் ஒரு முறை சுத்தி செய்த தண்ணீரே வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத குடித்தனக்காரர்கள்

தொட்டி நிரம்பியது. உப்பும் கரைந்தது. மீனை விடலாமா? கூடாது! அங்கே முதலில் குடியேற வேண்டியவர்கள் வேறு.

மீனின் கழிவிலிருந்து அம்மோனியா உண்டாகிறது. அது மீனுக்கு விஷம். ஒரு வகைப் பாக்டீரியா அதை நைட்ரைட் ஆக்குகிறது, அதுவும் விஷம்தான். இன்னொரு வகை அதை நைட்ரேட் ஆக்குகிறது. இதனால் அவ்வளவு தீங்கு இல்லை. இந்த இரண்டு கூட்டமும் பாறையின் நுண்துளைகளில் பெருகிக் குடித்தனம் நடத்தத் தொடங்க நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். வெறும் தொட்டியைப் பார்த்துக்கொண்டு ஒன்றரை மாதம் காத்திருக்கப் பொறுமை இல்லாதவர்தான் முதல் வாரமே மீனை வாங்கி விட்டுவிட்டு, இரண்டாவது வாரம் அழுகிறார்.

பாறையின் மகிமையை 1961-ல் எடுத்துச் சொன்னவர், ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங். கடலிலிருந்து உயிரோடு எடுத்த பாறைகளைத் தொட்டியில் வைத்து, காற்றுக் குமிழி மட்டும் விட்டு, பவளங்களை வாழவைத்தார். அந்த வழி நமக்கு உதவாது. இந்தியாவில் 2001-ம் ஆண்டிலிருந்து பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வந்துவிட்டன. மன்னார் வளைகுடாவிலிருந்து ஒரு துண்டு பவளம் எடுத்து வந்தாலும் குற்றம்தான். கடற்குதிரைக்கும் அதே காவல் உண்டு. ஆகவே உலர்ந்த செயற்கைப் பாறையை வைத்து, அதில் பாக்டீரியாவைக் குடியேற்றுவதே நமக்கு ஏற்றது.

அடித்தொட்டியில் இன்னொரு கருவி உண்டு. கடற்கரையில் அலை மோதும் இடத்தில் அழுக்கு நுரை ஒதுங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அதே தத்துவம்தான். ஒரு குழாய்க்குள் பொடிக் குமிழிகளைச் செலுத்தினால், தண்ணீரில் கரைந்துள்ள கழிவுப் பொருள்கள் குமிழியில் ஒட்டிக்கொண்டு நுரையாக மேலே வழியும். பழுப்பு நிறமாகச் சேரும் அந்த நாற்றத்தை எடுத்துக் கொட்டுவது மட்டும் மனிதனுடைய வேலை!

சேவகம் செய்யும் யந்திரங்கள்

ஆயிரம் லிட்டர்த் தொட்டியிலிருந்து ஒரு நாளைக்குப் பத்து லிட்டர் வரை ஆவியாகிப் போகலாம். போவது தண்ணீர் மட்டுமே, உப்பு தங்கிவிடும். நாளுக்கு நாள் தொட்டி கரிக்கும். எனவே குறைந்த அளவுக்கு நல்ல தண்ணீர் விட வேண்டும். உப்புத் தண்ணீர் விடக் கூடாது. இதற்காக அடித்தொட்டியில் ஒரு மிதவை ஸ்விட்ச் இருக்கிறது. தண்ணீர் இறங்கினால் மிதவை இறங்கும், பம்பு ஓடும். மட்டம் வந்ததும் நின்றுவிடும்.

உஷ்ணம் 25, 26 டிகிரி சென்டிகிரேடில் நிற்க வேண்டும். குளிர் தேசத்தில் இதற்குச் சூடேற்றி வேண்டும். நமக்கோ குளிரூட்டி வேண்டும். குளிரூட்டி தண்ணீரிலிருந்து பிடுங்கும் சூட்டை அறைக்குள்ளேயே கக்கும். அதை வெளியே வைக்காவிட்டால், ஒரு கையால் கொடுத்து மறு கையால் வாங்கின கதைதான்.

பவளம் வளர்க்கச் சட்டம் இடம் தரும் நாடுகளில் மற்றொரு ஏற்பாடும் செய்கிறார்கள். பவளப் பூச்சி தண்ணீரிலுள்ள கால்சியத்தையும் கார்பனேட்டையும் எடுத்துத் தன் கூட்டைக் கட்டுகிறது. எடுத்ததை ஈடு செய்ய, சின்னஞ்சிறு பம்புகள் மணிக்கு இத்தனை சொட்டு என்று மருந்து விடுகின்றன. இரண்டு மருந்தையும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் விட்டால் திரிந்து சுண்ணாம்பாகிவிடும். இந்த முறைவைப்பையெல்லாம் கவனிக்க ஒரு தலைமைப் பெட்டி. அதற்கு உஷ்ணத்தை அறிய ஒரு நாக்கு, உப்பை அறிய ஒரு நாக்கு, காரத்தை அறிய ஒரு நாக்கு!

சேவகன் கவிழ்த்தால்?

இவ்வளவும் சரி. மிதவை ஸ்விட்ச்சில் ஒரு நத்தை ஏறி உட்கார்ந்துகொண்டால்?

வேடிக்கைப் பேச்சு அல்ல; நடக்கக்கூடியதுதான். மிதவை இறங்கியபடியே நிற்கும். "தண்ணீர் குறைவு" என்று எண்ணிப் பம்பு ஓடிக்கொண்டே இருக்கும். நல்ல தண்ணீர்ப் பம்பை மாடித் தொட்டியோடு இணைத்திருந்தால் கடல் ஆறாகும், கூடம் குளமாகும், மீன்கள் செத்து மிதக்கும். அதற்குப் பதிலாக 30 லிட்டர் பிடிக்கும் தனிப் பாத்திரம் ஒன்று வைத்திருந்தால்? தொட்டியிலும் அடித்தொட்டியிலும் சேர்த்து 1,200 லிட்டர் இருக்கிறது. முப்பது லிட்டரும் கொட்டித் தீர்ந்தாலும், 35 கிராம் உப்பு 34 கிராமாக இறங்கும். அவ்வளவுதான்! மீன்கள் தாங்கிக்கொள்ளும். மூன்று நாளைக்கு ஒரு முறை பாத்திரத்தை நிரப்பும் சிரமம்தான் இங்கே காப்பு.

யந்திரம் பழுதாகாமல் இருக்க வழி தேடுவதைவிட, பழுதானாலும் உயிர் போகாத வழி தேடுவதே மேல். இந்தத் தொழிலின் ரகசியம் இந்த ஒரு வாக்கியத்தில் அடங்கியிருக்கிறது.

மின்சாரம் நின்றால் என்ன ஆகும்? மேல் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் குழாயின் வாய் தண்ணீருக்குள் முழுகியிருக்கும். பம்பு நின்றதும், ஏறின வழியே தண்ணீர் இறங்கத் தொடங்கும். இந்த அளவுத் தொட்டியில் ஓர் அங்குலம் இறங்கினாலே 35 லிட்டர்! ஆறு அங்குலம் இறங்கினால் 200 லிட்டருக்கு மேல். அடித்தொட்டி நிரம்பி வழிந்து, தரையெல்லாம் உப்பு நீர் ஓடும். குழாயில் தண்ணீர் மட்டத்துக்குச் சற்றுக் கீழே ஒரு சிறு துளை போட்டால் போதும். மட்டம் சிறிது இறங்கியதும் துளை வழியே காற்று புகுந்து, இறக்கத்தைத் தடுத்துவிடும். அந்தத் துளையைப் பாசி அடைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இறங்கும் தண்ணீருக்கு அடித்தொட்டியிலும் இடம் விட்டுவைக்க வேண்டும்.

இதைச் சோதிக்க நல்ல உபாயம் உண்டு. மீன் வருவதற்கு முன்பே, வீட்டில் இருக்கும்போதே, மெயின் ஸ்விட்சை நீங்களே அணைத்துவிட்டுப் பாருங்கள். நடுராத்திரியில் தெரிய வேண்டிய உண்மை பகலிலேயே தெரிந்துவிடும்.

ஓட்டம் நின்ற தண்ணீரில் பிராணவாயு குறைந்துகொண்டே வரும். சில மணி நேரத்தில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறக்கும். அப்போது குளிரூட்டியோ விளக்கோ அவசரமில்லை. காற்றுக் குமிழி விடும் சிறு பம்பு ஒன்று பாட்டரியில் ஓடினால் உயிர் நிற்கும். உப்புத் தண்ணீரும் மின்சாரமும் சேரும் இடமானபடியால், கசிவு ஏற்பட்டால் தானே துண்டிக்கும் ஸ்விட்ச் இல்லாமல் எந்தக் கருவியையும் இணைக்கலாகாது. இது மனித உயிரைப் பற்றிய விஷயம்.

தலைமைப் பெட்டியின் நாக்கும் நாளடைவில் ருசி கெட்டுப்போகும். தண்ணீர் சரியாக இருக்க, "காரம் குறைவு" என்று பொய் சொல்லும். அதை நம்பி மருந்துப் பம்பு ஓடினால் விபரீதம். வாரம் ஒரு முறை கையாலேயே தண்ணீரைச் சோதித்து, யந்திரம் சொல்லும் எண்ணோடு ஒப்பிட்டுப் பார்ப்பதே இதற்கு மருந்து.

எந்த மீனை விடுவது?

கடலிலிருந்து பிடித்துவரும் மீனைவிடப் பண்ணையில் பொரித்த மீன் நல்லது. தொட்டியில் பிறந்தது தொட்டிக்குப் பழகியிருக்கும். செம்மஞ்சள் உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீனை அநேகர் விரும்புகிறார்கள். இதைப் பொரிக்கவைத்து வளர்க்கும் முறையை, மண்டபத்திலும் விழிஞ்ஞத்திலும் உள்ள மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையங்கள் வகுத்திருக்கின்றன. முதலில் ஒரு ஜோடி. சில வாரம் கழித்து இன்னும் இரண்டு. பாக்டீரியாக் குடித்தனமும் அதற்கேற்பப் பெருக அவகாசம் தர வேண்டும். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை பத்தில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றினால், சேர்ந்த நைட்ரேட் வெளியேறும்.

தொட்டி வைத்தவருக்குக் கடலைப் பற்றி ஒரு விஷயம் நன்றாகப் புரியும். ஒன்று, இரண்டு டிகிரி என்பது அற்பம் அல்ல! கோடை வெப்பத்துக்கு மேல் ஓரிரு டிகிரி ஏறிச் சில வாரம் நீடித்தாலே, பவளப் பூச்சிகள் தமக்குச் சோறு போடும் நுண்பாசியை இழந்து வெளுத்துவிடுகின்றன. மன்னார் வளைகுடாவில் 2010-லும் 2016-லும் அப்படி வெளுத்தன. அங்கே குளிரூட்டியை இணைக்க ஒருவராலும் முடியவில்லை.

மறுபடியும் அந்த லண்டன் ஜன்னலுக்குப் போவோம். பணிப்பெண் தண்ணீரை ஆற்றினாள். ஆற்றியதை எடுத்துப்போய் ஜாடியில் ஊற்றினாள். ஊற்றும்போது பவளப் பூச்சிகளைப் பார்க்காமலா இருந்திருப்பாள்? கைவேலை நாள்தோறும் அவளை ஜாடிக்கு அருகே கொண்டு நிறுத்தியது. யந்திரம் நமக்கு அந்தக் கைவேலையை மிச்சப்படுத்துகிறது. மிச்சமான அரை மணி நேரத்தில், தொட்டிக்கு எதிரே ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து பார்ப்பவருடைய மீன்கள் நெடுநாள் வாழ்கின்றன. இரை போட்டதும் ஓடிவரும் மீன் இன்று வரவில்லை என்பதை எந்தப் பெட்டியும் சொல்வதற்கு முன்பே அவர் கண்டுகொள்கிறார்!