சக்கர வீட்டுக்கு எந்த ஊர் விலாசம்?

2024-ல் அக்காவின் பிரசவத்துக்காக அமெரிக்காவில் ஹூஸ்டன் நகருக்குப் போய் ஐந்து மாதம் இருந்துவிட்டு வந்தேன். அம்மாவுக்கு முழங்கால் வலி. அவ்வளவு நேரம் விமானத்தில் உட்கார முடியாது என்பதால் நான் போக வேண்டியதாயிற்று. ஊர் திரும்பியதும் எல்லோரும் "என்னென்ன பார்த்தே?" என்று கேட்டார்கள். பார்த்ததையெல்லாம் விட, பக்கத்து வீட்டு அம்மாள் விலாசம் தேடிய கதைதான் என் மனசில் நிற்கிறது. அதைத் தோழியரோடு பகிர்ந்துகொள்கிறேன்.

அந்த அம்மாளுக்கு 62 வயது, கணவருக்கு 67. மூன்று பிள்ளைகளும் கல்யாணமாகி ஆளுக்கொரு திசையில். அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் வீட்டை விற்றுவிட்டு, ஆர்.வி. என்று சொல்கிற சக்கர வீட்டிலேயே காலம் முழுக்க ஊர் சுற்றுவது என்று முடிவு செய்தார்கள். பஸ் மாதிரி நீளமான வண்டி. உள்ளே கட்டில், சோபா, காஸ் அடுப்பு, பிரிட்ஜ், குளியலறை எல்லாம் இருக்கிறது. விலை ஒரு லட்சம் டாலர் என்றார்கள். நான் வாயைப் பிளந்து பார்த்தேன்.

"எல்லாம் சரி, இனிமே உங்களுக்கு லெட்டர் எங்கே வரும்?" என்று அக்கா கேட்டாள். அந்த அம்மாள் சிரித்துவிட்டு, "அதுக்குத்தான் எங்க வீட்டில் தினமும் சண்டை" என்றார்.

விஷயம் இதுதான். அங்கே 50 மாநிலங்கள். ஒவ்வொன்றுக்கும் தனிச் சட்டம். டிரைவிங் லைசென்ஸ், வண்டிப் பதிவு, ஓட்டு, இன்ஷூரன்ஸ், உயில் எல்லாம் நாம் எந்த மாநிலத்துக்காரர் என்பதைப் பொறுத்தது. வீடு உருண்டுகொண்டே இருந்தாலும், காகிதத்தில் ஏதாவது ஒரு மாநிலத்தைச் சேர்ந்தவராக இருந்தே ஆக வேண்டும். லைசென்ஸ் ஓர் இடத்தில், ஓட்டு இன்னோர் இடத்தில் என்று சிதறவிட்டால் பின்னால் சிக்கல்தான்.

இப்படிச் சுற்றுகிறவர்களில் நிறைய பேர் டெக்சாஸ், புளோரிடா, சவுத் டகோட்டா ஆகிய மூன்றில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். மூன்றிலும் மாநில வருமான வரி கிடையாது. (மத்திய அரசின் வரியை எங்கிருந்தாலும் கட்டத்தான் வேண்டும்.) தபாலை வாங்கி வைத்து, நாம் இருக்கிற ஊருக்கு அனுப்பிவைக்கிற நிலையங்களும் அங்கே உண்டு. அவர்கள் நம் தபாலை வாங்க, 1583 என்ற தபால் துறைப் படிவத்தில் கையெழுத்துப் போட்டு அத்தாட்சி தர வேண்டுமாம்.

கணவருக்கு சவுத் டகோட்டா மேல்தான் கண். ஒரு நோட்டில் கணக்குப் போட்டு வைத்திருந்தார். வண்டி வாங்கினால் டெக்சாஸில் 6.25 சதவீதம் வரி, அங்கே 4 சதவீதம். லட்சம் டாலர் வண்டிக்கு 2,250 டாலர் மிச்சம். அங்கே போய் ஓர் இரவு தங்கி, அந்த ரசீதைக் காட்டினால் லைசென்ஸுக்கு விண்ணப்பித்துவிடலாம் என்று தெரிந்தவர்கள் சொல்லியிருந்தார்கள். ஓட்டுக்கு மட்டும் 30 நாள் வாசம் வேண்டும் என்று 2023-ல் சட்டம் வந்துவிட்டதாம். "ஓட்டுதானே, பார்த்துக்கலாம்" என்றார் அவர்.

அந்த அம்மாள் ஒரு நாள் அக்காவிடம் மனம்விட்டுப் பேசினார். அக்கா எனக்குத் தமிழில் சொல்லச் சொல்ல, என் வயிற்றைப் பிசைந்தது. நான்கு வருடத்துக்கு முன் அவருக்கு மார்பில் புற்றுநோய் ஆபரேஷன் ஆகியிருக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஹூஸ்டன் டாக்டரிடம் காட்ட வேண்டும். கணவருக்கு 65 தாண்டிவிட்டதால் அரசாங்கத்தின் மெடிகேர் இருக்கிறது. அதை எந்த மாநிலத்திலும் காட்டலாம். இவருக்கோ இன்னும் மூன்று வருடம் இருக்கிறது. அதுவரை சொந்தமாக எடுக்கும் பாலிசி, விலாசம் இருக்கிற மாவட்டத்தைப் பொறுத்தது. பல பாலிசிகளில் அந்தப் பகுதி டாக்டர்களிடம்தான் போக முடியும். வெளியூரில் அவசர சிகிச்சைக்கு மட்டும்தான் பணம் தருவார்கள்.

"அவர் நோட்டில் வண்டி இருக்கு, பெட்ரோல் இருக்கு, என் டாக்டர் இல்லை" என்றார் அந்த அம்மாள். குற்றம் சொல்கிற மாதிரி இல்லை. மறந்து போனதைச் சொல்கிற மாதிரிதான் சொன்னார்.

இன்னொன்றும் சொன்னார். அவர் என்னைப் போல வீட்டோடு இருந்தவர், சம்பளம் வாங்கியதில்லை. டெக்சாஸில் கல்யாணத்துக்குப் பிறகு கணவர் சம்பாதித்தது இருவருக்கும் பொது. பரிசாகவோ வாரிசாகவோ வந்தது மட்டும்தான் அவரவருடையது. இப்படிப்பட்ட சட்டம் 9 மாநிலங்களில்தான் இருக்கிறதாம். சவுத் டகோட்டாவிலும் புளோரிடாவிலும் மனைவிக்குப் பாதுகாப்பு தர வேறு சட்டங்கள் உண்டு. ஆனால் சம்பாத்தியம் தானாகப் பொதுவாகிவிடாது. "அவர் நல்லவர்தான். ஆனாலும் எந்தச் சட்டத்துக்குக் கீழே இருக்கப்போறேன்னு எனக்குத் தெரியணுமில்லையா?" என்றார்.

அன்று இரவு சாப்பாட்டு மேஜையில் கணவரிடமும் இதையே சொல்லிவிட்டார். அவர் வெகுநேரம் பேசவில்லையாம். மறுநாள் காலையில் நோட்டில் புதுப் பக்கம் திருப்பி, முதல் வரியில் டாக்டர் பெயரை எழுதினாராம்.

அடுத்த வாரம் டெக்சாஸிலேயே உள்ள லிவிங்ஸ்டன் என்ற சிறு ஊருக்குப் போனார்கள். அக்கா வீட்டுக்காரர் குழந்தையைப் பார்த்துக்கொள்ள, அக்காவும் நானும் கூடப் போனோம். ஹூஸ்டனிலிருந்து காரில் ஒன்றேகால் மணி நேரம். 1978-ல் ஒரு தம்பதி தொடங்கிய 'எஸ்கேப்பீஸ்' என்ற சக்கர வீட்டுக்காரர்கள் சங்கத்தின் தலைமை இடம் அங்கேதான். ஊர் ஊராகப் போகிறவர்களுக்கு வந்த தபாலைப் பிரித்து அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அதே வளாகத்தில், உடம்பு முடியாமல் பயணத்தை நிறுத்தியவர்கள் தங்கள் வண்டியிலேயே தங்கி உதவி பெற ஓர் இடமும் இருந்தது. அந்த அம்மாள் அங்கே கொஞ்ச நேரம் நின்று பார்த்தார்.

உடனே சரி என்று சொல்லிவிடவில்லை. லிவிங்ஸ்டன் இருக்கிற போல்க் மாவட்டத்தில் கிடைக்கும் பாலிசியில் தன் டாக்டர் வருகிறாரா என்று இன்ஷூரன்ஸ்காரர்களிடமும் டாக்டர் ஆபீஸிலும் போன் போட்டுக் கேட்டு, ஆமாம் என்று தெரிந்த பிறகுதான் கையெழுத்துப் போட்டார். 2,250 டாலர் போனது போனதுதான். "65 வயசு ஆகட்டும், அப்புறம் உங்க சவுத் டகோட்டாவை யோசிக்கலாம்" என்று கணவரைக் கேலி செய்தார். நான் ஊருக்குக் கிளம்புவதற்கு முன்பே அவர்கள் கிளம்பிவிட்டார்கள். வண்டி தெருமுனை திரும்பும்வரை கையை ஆட்டிக்கொண்டே போனார்.

பத்தாவது படித்த எனக்கு அந்த ஊர்ச் சட்டமெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். ஊர் வந்து சேர்ந்த மறுநாளே பீரோவைத் திறந்தேன். ஆதாரில் அம்மா வீட்டு விலாசம். ரேஷன் கார்டில் மாமியார் வீட்டு விலாசம். பேங்க் பாஸ்புக்கில் எட்டு வருடத்துக்கு முன் காலி செய்த வாடகை வீடு. நான் சக்கர வீட்டில் போகவில்லை, ஆனால் என் காகிதம் மூன்று ஊரில் சுற்றுகிறது! இதில் எதையாவது எழுதும்போது யாரும் என்னைக் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை.

இப்போது என் வீட்டுக்காரரை உட்கார வைத்து ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டு வருகிறேன். "எதுக்கு இப்போ இந்த அவசரம்?" என்றார். "அவசரம் வர்றதுக்கு முன்னாடி செய்யத்தான்" என்றேன். தோழியரே, நீங்களும் ஒரு நாள் மத்தியானம் பீரோவைத் திறந்து பாருங்களேன்.

- ஒரு வாசகி, தேனி