அழுகைச் சுவையும் சமூக உணர்வும்

அழுகை என்னும் மெய்ப்பாடு இறந்தாரை நினைந்து வருந்துதல் மாத்திரமே எனக் கருதுவார் பலர். அக்கருத்து நிறைவுடையதன்று. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் அழுகை தோன்றுதற்குரிய களங்களை நான்காக வகுத்துள்ளார். பிறரால் இகழப்படுதலாகிய இளிவு ஒன்று. உயிரையேனும் பொருளையேனும் இழத்தலாகிய இழவு மற்றொன்று. பண்டைநிலை கெட்டு வருந்துதலாகிய அசைவு மூன்றாவது. நுகர்வன இன்மையாகிய வறுமை நான்காவது. இவற்றுள் சாவு, இழவின் ஒரு கூறேயாம். ஏனையவற்றுட் பல, மக்களுக்கு மக்களே இழைப்பன. ஆதலின், அவலத்தைப் பாடும் கவிதை சமூகத்தை நோக்கிய வினாவாகவும் அமைதல் இயல்பே.

புறநானூற்றின் 112ஆம் பாட்டு இதற்குத் தக்க சான்று. அதனைக் கையறுநிலைத் துறை எனக் குறித்து அமைந்துவிடுதல் மாணவரிடையே வழக்கம். ஆயின், பாரிமகளிர் தந்தையை இழந்தமையோடு குன்றினை இழந்தமையையும் சேர்த்தே உரைக்கின்றனர். அதனைக் கவர்ந்தோர் வேந்தர் என்பதையும் அவர்கள் மறைத்திலர்.

கொட்டியாரக் குடாவை அடுத்த சம்பூரில் இப்பாட்டைப் பயிலும் மாணவர்க்கு இதன் பொருள் எளிதிற் புலப்படும். 2006ஆம் ஆண்டுப் போரில் அவ்வூர் மக்கள் இடம்பெயர்ந்தனர். கிளிவெட்டி முதலிய இடங்களில் முகாம்களிற் பல்லாண்டு வாழ்ந்தனர். 2015ஆம் ஆண்டு முதலே நிலம் பகுதி பகுதியாக விடுவிக்கப்பட்டது. இழவும் அசைவும் வறுமையும் அவர்க்கு ஏட்டுச் சொற்கள் அல்ல.

துயரம் செயலாக மலர்தலும் உண்டு. 1984ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்திற் கைதான இளைஞரின் தாய்மார் அன்னையர் முன்னணியாகத் திரண்டனர். 1986ஆம் ஆண்டு ஈழத்துப் பெண்கவிஞரின் பாக்களைக் கொண்ட 'சொல்லாத சேதிகள்' வெளிவந்தது. வீட்டினுள் அடங்கிய துயரம் பொதுமன்றிற் குரல்பெற்ற காலம் அது.

இத்தகைய கவிதைகளுக்கு உரை காண்போர் மூன்று வினாக்களை எழுப்புதல் வேண்டும். இழக்கப்பட்டது யாது? இழப்புக்குக் காரணம் யாது? அதனைக் கேட்போர் செய்யத்தக்கது யாது? முதல் வினாவோடு நின்றுவிடின் கவிதை வெறும் புலம்பலாகும். அதனை விடுத்து ஏனைய இரண்டையுமே கொள்ளின், கவிதை வெறும் முழக்கமாகச் சுருங்கும். கண்ணீரின் உண்மையை முதலில் உணர்ந்து, பின்னர் அதன் காரணத்தை ஆராய்தலே நேரிய முறையாம். அம்முறையிற் பயிலும் மாணவர் கவிதையை அறிவதோடு அயலாரின் துயரையும் அறிவர்.