பள்ளத்தூர் பாப்பா டு 'ஆச்சி' மனோரமா: ஒரு காது செய்த மாயம்!

இன்ஸ்டா ரீல்ஸ்ல அடிக்கடி வர்ற முகம் அது. ஒரு ரீல்ல வாயாடி வேலைக்காரி, அடுத்ததுல எத்துப்பல் அம்மா, இன்னொண்ணுல 'சிங்கம்' படத்துப் பாட்டி. மூணும் ஒரே ஆள்தான்னு தெரியாமலேயே ஸ்க்ரோல் பண்ணிட்டுப் போறவங்க நிறைய பேர். அந்த ஆள், மனோரமா. 1,000 படங்களுக்கு மேல் நடித்ததற்காக கின்னஸ் புத்தகத்தில் இடம்பிடித்தவர்.

எண்ணிக்கையை விடுங்க. அத்தனை படங்களிலும் ஒரே மாதிரி தெரியாமல் இருந்தது எப்படி? அந்தக் கேள்விக்கான பதில், நம்ம திருப்பத்தூர், காரைக்குடி பக்கத்தில்தான் இருக்கிறது. (வேலூர் பக்கத்துத் திருப்பத்தூர் இல்லைங்க, சிவகங்கை மாவட்டத்துத் திருப்பத்தூர்!)

பாப்பாவுக்குக் கிடைத்த முதல் மேடை

1937-ல் மன்னார்குடியில் பிறந்தவர் மனோரமா. பெற்றோர் வைத்த பெயர் கோபிசாந்தா. அப்பா கைவிட்டுவிட, அம்மா ராமாமிர்தம் கைக்குழந்தையோடு செட்டிநாட்டுக்கு வந்தார். காரைக்குடியிலிருந்து கோட்டையூர் தாண்டி, கானாடுகாத்தான் போற வழியில் வருமே பள்ளத்தூர், அந்த ஊர்தான். பெரிய பெரிய வீடுகள் உள்ள ஊரில், வீட்டு வேலை செய்து மகளை வளர்த்தார் அம்மா. வறுமையால் 11 வயதில் பள்ளிக்கூடம் போவதும் நின்றது.

அந்தச் சமயத்தில் ஊருக்கு வந்த நாடகக் குழுவில், நடிகைக்குப் பாட வரவில்லை. "அந்தப் பொண்ணு நல்லாப் பாடும்" என்று கோபிசாந்தாவை மேடையேற்றினார்கள். 'அந்தமான் காதலி' என்கிற அந்த நாடகத்தில் தொடங்கிய பயணத்தில், 'பள்ளத்தூர் பாப்பா' என்று பெயர் கிடைத்தது. 'மனோரமா' என்ற பெயரும் நாடக மேடை தந்ததுதான்.

நாடக மேடைக்கு ரீடேக் கிடையாது, க்ளோசப் கிடையாது. கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருப்பவருக்கும் வசனம் கேட்க வேண்டும். ஒரு வாரம் ராணி, அடுத்த வாரம் தோழி என்று வேஷம் மாறும். அதற்கேற்ப குரலும் மாறணும். பின்னாளில் எஸ்.எஸ்.ராஜேந்திரனின் நாடக மன்றத்தில் சேர்ந்தபோது, அந்தப் பயிற்சி இன்னும் கூர்மையானது.

கண்ணதாசன் போட்ட கணக்கு

திருப்பத்தூர் வட்டத்தில் உள்ள சிறுகூடல்பட்டிதான் கவிஞர் கண்ணதாசனின் ஊர். அவர் தயாரித்த 'மாலையிட்ட மங்கை' 1958-ல் வெளியானது. மனோரமாவின் முதல் தமிழ்ப் படம் அதுதான். கொடுத்தது கதாநாயகி வேஷம் இல்லை, காமெடி வேஷம்.

மேடையில் நாயகியாக நடித்துக்கொண்டிருந்த 21 வயதுப் பெண்ணுக்கு, அது கொஞ்சம் கசப்பான வாய்ப்புதான். ஆனால் கண்ணதாசன் சொன்ன காரணத்தைப் பின்னாளில் பேட்டிகளில் மனோரமாவே பகிர்ந்திருக்கிறார். கதாநாயகி என்றால் மூணு, நாலு வருஷத்தில் களத்தை விட்டுப் போக வேண்டியிருக்கும், நகைச்சுவை என்றால் நீண்ட காலம் நிற்கலாம் என்பதுதான் அவர் போட்ட கணக்கு.

கணக்கு தப்பவில்லை. 1963-ல் 'கொஞ்சும் குமரி'யில் கதாநாயகியாகவும் நடித்தார் மனோரமா. ஆனால் அந்தப் பாதையில் அவர் போகவில்லை. அவரோடு அறிமுகமான நாயகிகள் பலர் அம்மா வேஷத்துக்கு மாறத் தயங்கிய காலத்தில், இவருக்கு அந்தத் தயக்கமே தேவைப்படவில்லை.

இதற்கு ஒரு விலையும் இருந்தது. போஸ்டரில் பெரிய படம் கிடையாது. கதை அவரைச் சுற்றி நகராது. கிடைக்கிற நாலைந்து காட்சிகளுக்குள் ஒரு முழு மனுஷியைக் காட்டியாக வேண்டும்.

ஒவ்வொரு வேஷத்துக்கும் ஒரு பேச்சு

மேக்கப் மாறினால் முகம் மாறும். ஆனால் வாயைத் திறந்ததும் பழைய ஆள் வெளியே வந்துவிடுவார். மனோரமாவிடம் அது நடக்காது. அவர் வேஷத்தைக் கட்டியது பேச்சை வைத்து.

1968-ஐ மட்டும் எடுத்துக்கங்க. ஏ.பி.நாகராஜன் இயக்கிய 'தில்லானா மோகனாம்பாள்' படத்தில் ஜில் ஜில் ரமாமணி. வெகுளித்தனமும் நாடகக்காரியின் மிடுக்கும் கலந்த இழுவைப் பேச்சு. சிவாஜி, பத்மினி, பாலையா, நாகேஷ் என்று எல்லோரும் உச்சத்தில் நடித்த படத்தில், தனியாக நினைவில் நிற்கிறார். நாடக மேடையில் வளர்ந்தவர், நாடகக்காரியாகவே நடித்தால் எப்படி இருக்கும்? அதுதான் ரமாமணி. அதே ஆண்டு 'பொம்மலாட்டம்' படத்தில் அசல் மெட்ராஸ் பாஷை. அந்த பாஷையிலேயே ஒரு பாட்டையும் சொந்தக் குரலில் பாடினார். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால், ஒரே ஆள் என்று நம்புவது கஷ்டம்.

1986-ல் விசுவின் 'சம்சாரம் அது மின்சாரம்'. வீட்டு வேலை செய்யும் கண்ணம்மாவாக வருகிறார். குடும்பச் சிக்கலை அவிழ்க்க அவள் போடும் சண்டைக் காட்சி இன்றைக்கும் ரீல்ஸில் ஓடுகிறது. படித்தவர்கள் வாயடைத்து நிற்கும் இடத்தில், வேலைக்காரி பேசிச் சாதிக்கிறாள். வீட்டு வேலை செய்த தாயால் வளர்க்கப்பட்டவர் அந்த வேஷத்தைப் போட்டார் என்று தெரிந்துகொண்டு பாருங்க, அந்தக் காட்சி வேற மாதிரி தெரியும். சிரிப்புக்குப் பின்னால் ஒரு ரோஷம் இருக்கும்.

1988-ல் ஏவி.எம்-மின் 'பாட்டி சொல்லைத் தட்டாதே'. தலைப்பே அவர் வேஷத்தின் மேல்தான். நாயகிகளுக்கு மார்க்கெட் முடிந்துபோகும் வயதையெல்லாம் தாண்டி, 50 வயதுக்கு மேல் ஒரு படத்தைத் தாங்கினார். 1989-ல் வந்த 'புதிய பாதை' அவருக்குச் சிறந்த துணை நடிகைக்கான தேசிய விருதை வாங்கித் தந்தது. 1990-ல் 'நடிகன்'. கல்யாணம் ஆகாமலே வயதாகிவிட்ட பேபியம்மாவின் காதல். கேலிக்குரிய வேஷமாகப் போயிருக்க வேண்டியது. ஆனால் சிரித்துக்கொண்டிருக்கும்போதே அவள் மேல் ஒரு பரிதாபம் வந்துவிடும். 1992-ல் 'சின்ன கவுண்டர்'. எத்துப்பல்லோடு, கொங்குப் பேச்சோடு விஜயகாந்துக்கு அம்மா.

'ஆச்சி' என்கிற பட்டம்

செட்டிநாட்டில் 'ஆச்சி' என்பது சாதாரண வார்த்தை இல்லை. நகரத்தார் வீட்டுப் பெண்களை மரியாதையோடு கூப்பிடும் சொல். மனோரமா அந்தச் சமூகத்தைச் சேர்ந்தவர் இல்லை. அப்புறம் எப்படி அந்தப் பெயர்?

சென்னை வானொலியில் 'காப்புக்கட்டிச் சத்திரம்' என்று ஒரு தொடர் நாடகம். அதில் செட்டிநாட்டுப் பேச்சில் நடித்தார் மனோரமா. வானொலியில் முகம் தெரியாது, குரல் மட்டும்தான். அந்தக் குரலைக் கேட்டுத்தான் 'ஆச்சி' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள் என்பார்கள். எந்த வீடுகளில் அம்மா வேலை பார்த்தாரோ, அந்த வீடுகளின் பேச்சும் அந்த வீடுகளுக்குரிய மரியாதைச் சொல்லும் மகளுக்கு வந்து சேர்ந்தன.

சின்னத்திரையிலும்...

சினிமாவில் வேஷங்கள் குறைந்த காலத்தில், தொலைக்காட்சித் தொடர்களை அவர் குறைவாக நினைக்கவில்லை. ஒரு தொடருக்கு 'ஆச்சி இன்டர்நேஷனல்' என்றே பெயர்! மேடை, வானொலி, சினிமா, டி.வி. என்று நாலு ஊடகத்திலும் வேலை பார்த்தார். அண்ணா, கருணாநிதியோடு மேடையில்; எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா, என்.டி.ஆரோடு திரையில் என ஐந்து முதலமைச்சர்களோடு நடித்தவர் என்ற பெருமையும் உண்டு. 2002-ல் பத்மஸ்ரீ. 2013-ல் 'சிங்கம் 2' வரை திரையில் இருந்தார். 2015 அக்டோபர் 10-ம் தேதி, 78 வயதில் சென்னையில் காலமானார்.

எதிலிருந்து ஆரம்பிக்கலாம்?

ரீல்ஸை விட்டுட்டு முழுப் படமாகப் பார்க்க நினைத்தால், இந்த வரிசையில் பாருங்க: 'தில்லானா மோகனாம்பாள்', 'சம்சாரம் அது மின்சாரம்', 'நடிகன்', 'சின்ன கவுண்டர்'. நாலே படங்கள்தான். ஒவ்வொரு படத்திலும் ஒரு அஞ்சு நிமிஷம் திரையைப் பார்க்காமல், காதில் மட்டும் கேளுங்க. நாலு வேற வேற பெண்கள் பேசுவது கேட்கும்.

வேலைக்காக சென்னை, பெங்களூரு போனதும் நம்மில் பலர் முதலில் மறைப்பது ஊர்ப் பேச்சைத்தான். 'வந்தாக, போனாக' என்று வாய்தவறி வந்துவிட்டால், யாராவது கிண்டல் பண்ணிடுவாங்களோ என்று ஒரு கூச்சம். ஆறாங்கிளாஸைத் தாண்டாத ஒரு பள்ளத்தூர்ப் பொண்ணு, அதே பேச்சை வைத்துத்தான் 'ஆச்சி' ஆனார். மற்ற ஊர்ப் பேச்சையெல்லாம் கற்றுக்கொண்டார், தன் ஊர்ப் பேச்சைத் தொலைக்காமலே. அடுத்த தடவை ஊருக்குப் போன் போடும்போது, பக்கத்தில் யார் இருந்தாலும் பரவாயில்லை, நம்ம பேச்சிலேயே பேசுங்க!