உறுதியைப் பார்த்தால் போதுமா?

வீட்டைக் கட்டிப் பார், கலியாணத்தைச் செய்து பார் என்பது பழமொழி. பிறர் கட்டிய வீட்டை வாங்கிப் பார் என்று நம் முன்னோர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவை அவர்களுக்கு அதிகம் இருந்ததில்லை. அந்நாளில் வீடு பரம்பரையாக வந்தது. அல்லது சீதனமாகக் கிடைத்தது. கட்டியவர் யார், கைமரம் எந்தப் பனையிலே தறித்தது, மாரி மழைக்கு எந்த மூலை ஒழுகும் என்பவையெல்லாம் வீட்டாருக்கு மட்டுமன்றி அயலாருக்கும் தெரிந்திருந்தன. இன்றோ, யாழ்ப்பாணத்து வீடொன்றை ரொறன்ரோவில் இருப்பவர் படத்திலே பார்த்து வாங்குகிறார். ஆசிரியர் ஒருவர் ஓய்வு பெற்றதும், கைக்கு வந்த பணம் முழுவதையும் முன்பின் அறியாத ஒருவருடைய வீட்டில் இடுகிறார். வீட்டின் வரலாற்றை அறிந்தவர் விற்பவர் ஒருவரே. அவர் அதைச் சொல்லவேண்டும் என்று எதிர்பார்க்கலாமா?

காணி உறுதியைப் பொறுத்தவரை நாம் மிகவும் விழிப்புள்ளவர்கள். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, நொத்தாரிசு முன்னிலையிலும் இரு சாட்சிகள் முன்னிலையிலும் எழுதப்படாத காணி விற்பனை செல்லுபடியாகாது. ஆகவே நொத்தாரிசு காணிப் பதிவகத்தில் ஏடுகளைப் புரட்டி, முப்பது ஆண்டுகளுக்கு முன் உரிமை யாரிடம் இருந்தது, ஈடு ஏதேனும் உண்டா என்று தேடுகிறார். நில அளவையாளர் எல்லைக் கல்லைத் தேடுகிறார். இத்தனை தேட்டமும் காகிதத்திலும் எல்லையிலும் நின்றுவிடுகிறது. அவ்வெல்லைக்குள் நிற்கும் வீட்டை யார் பார்த்தார்? வாங்குபவர் ஒரு மாலைப்பொழுதில் வந்து, தேநீர் அருந்தி, புதிதாய்ப் பூசிய சுவரை மெச்சிவிட்டுப் போகிறார்.

வங்கி அனுப்பும் மதிப்பீட்டாளர் பார்த்தாரே என்று சிலர் கூறுவர். அவர் பார்ப்பது வேறு. கொடுக்கும் கடனுக்கு இச்சொத்து ஈடாகுமா என்பதே அவருடைய கேள்வி. கூரை எத்தனை ஆண்டு தாங்கும் என்பது அவருடைய கேள்வியன்று.

வீட்டுப் பரிசோதனை என்பது இந்த இடைவெளியை நிரப்பும் வேலை. விற்பவருக்கும் வாங்குபவருக்கும் உறவில்லாத, கட்டட வேலை தெரிந்த ஒருவர் வீட்டை அத்திவாரம் முதல் முகடு வரை பார்த்து, கண்டதை எழுதித் தருவதே அது.

அவர் முதலில் கூரைக்கு ஏறுவார். ஓட்டை நீக்கி வளையையும் கைமரத்தையும் தட்டிப் பார்ப்பார். வெளியே வழுவழுப்பாய் நிற்கும் மரம் உள்ளே கறையானுக்கு இரையாகியிருந்தால், ஓசை வெறுமையாகக் கேட்கும். சுவரோரத்தில் விரலளவு மண் குழாய் ஏறியிருந்தால், கறையான் நிலத்திலிருந்து வழி போட்டுவிட்டது என்று பொருள்.

பின்பு சுவரை நோக்குவார். எல்லா வெடிப்பும் ஆபத்தன்று. சாந்து உலரும்போது மயிரிழைபோல் தோன்றுபவை பெரும்பாலும் தீங்கற்றவை. சன்னல் மூலையிலிருந்து சாய்வாகக் கிளம்பி, நாணயத்தின் விளிம்பு நுழையுமளவு அகன்று செல்வது அத்திவாரம் அமிழ்ந்ததன் அறிகுறியாக இருக்கலாம். 2009இல் போர் முடிந்தபின் வடக்கிலும் கிழக்கிலும் திருத்தப்பட்ட வீடுகள் பல. குண்டு அதிர்ச்சியால் பிளந்த சுவரை நன்கு கட்டித் திருத்தியவரும் உண்டு; சாந்தால் மூடி மறைத்தவரும் உண்டு. இரண்டும் படத்தில் ஒன்றுபோலவே தோன்றும்.

கொங்கிறீற்றில் கழுவாத கடல் மணல் கலந்திருந்தால், அதிலுள்ள உப்பு உள்ளிருக்கும் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்யும். துரு இரும்பைவிடப் பன்மடங்கு இடங்கொள்வதால், தட்டின் அடிப்புறம் வெடித்துப் பாளம் பாளமாய்க் கழன்று விழும். துருநிறக் கறையொன்றே அதன் முதல் எச்சரிக்கை.

குடாநாட்டில் கிணற்றைப் பாராமல் வீடு வாங்குதல் பாதி வீட்டை வாங்குவதாகும். அங்குள்ள சுண்ணாம்புக்கற் பாறை வெடிப்பும் துளையும் நிறைந்தது. மலசலகூடக் குழியின் கழிவுநீர் அவ்வழியே விரைந்து கிணற்றை அடையும். தெளிந்த நீர் நல்ல நீர் என்று நம்பலாகாது. ஆய்வுகூடத்தில் கொடுத்துப் பார்த்தல் வேண்டும். பருவமும் கவனிக்கத்தக்கது. மார்கழியில் நிறைந்து இனிக்கும் கிணறு ஆவணியில் வற்றி உவர்க்கலாம். ஆவணியில் உலர்ந்து கிடக்கும் கூரை கார்த்திகையில் ஒழுகலாம். கூரையின் உண்மையை மாரியிலும் கிணற்றின் உண்மையைக் கோடையிலும் அறிக. இரு பருவமும் காத்திருக்க இயலாதவர் அயலாரைக் கேட்டறியலாம்.

மலைநாட்டில் வீட்டைவிட நிலமே முதற்கேள்வி. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு அபாயப் பகுதிகளை வரைபடமாக்கியுள்ளது. அதைப் பாராமல் சரிவில் வீடு வாங்குதல் தகாது. நகரத்து வீடாயின், 1915ஆம் ஆண்டின் வீடமைப்பு, நகர அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் வேண்டும் இணக்கச் சான்றிதழ் உண்டா என்று உள்ளூராட்சி மன்றத்தில் விசாரிக்க வேண்டும்.

குறை பின்னர் தெரிந்தால் வழக்குப் போடலாமே என்று எண்ணுவோருக்கு ஒரு சொல். நம் நாட்டில் வழங்கும் உரோமன் டச்சுச் சட்டம் வாங்குபவரைக் கைவிடவில்லை. பண்டை உரோமாபுரியில் சந்தையை மேற்பார்த்த அதிகாரிகள் அடிமைகளையும் கால்நடைகளையும் விற்பவர்களுக்கு விதித்த ஒழுங்கிலிருந்து வளர்ந்தது அதன் விதி. மறைந்திருந்த குறைக்கு விற்றவர் பொறுப்பாவார். ஆனால் சாதாரணமாகப் பார்த்தாலே தெரியக்கூடிய குறைக்கு அப்பாதுகாப்பு இல்லை. உள்ளது உள்ளபடி வாங்கினேன் என்று எழுதிக் கையொப்பமிட்டால், விற்றவர் அறிந்தே மறைத்தார் என்று நிறுவுவது வாங்கியவரின் சுமையாகிவிடும். பாராதிருத்தல், ஆகவே, பணத்தோடு உரிமையையும் இழக்கச் செய்யலாம்.

பரிசோதனைக்கு யார் செலவு செய்வது? ஐக்கிய அமெரிக்காவில் வாங்குபவரே பரிசோதகரை அமர்த்துவது வழக்கம். ஸ்கொத்லாந்திலோ 2008ஆம் ஆண்டு டிசம்பர் முதல், விற்பவரே வீட்டின் நிலை பற்றிய அறிக்கையை விற்பனைக்கு முன் தயாரித்து வைக்கவேண்டும். அதில் ஒரு நியாயம் உண்டு. பத்துப் பேர் பார்த்துப் போகும் வீட்டுக்குப் பத்துப் பரிசோதனை வேண்டியதில்லை அல்லவா?

நேர்மையான விற்பனையாளருக்கும் இது நன்மையே. குறையை முன்பே சொல்லி அதற்கேற்ப விலை பேசியவரிடம் பின்னர் எவரும் வழக்கோடு வரமாட்டார். பரிசோதனை பேரத்தைக் குலைப்பதற்கன்று. கூரை மாற்ற இவ்வளவு செலவாகும் என்று இருவரும் அறிந்தபின் பேசும் விலையே உண்மையான விலை. ஆயினும் பரிசோதகர் சுவரை உடைத்துப் பார்ப்பவர் அல்லர். கண்ணுக்கும் கைக்கும் எட்டுவதையே அவர் சொல்ல முடியும். அவருடைய அறிக்கை உத்தரவாதமன்று.

செய்யவேண்டியது சிறிது. முற்பணம் கொடுக்குமுன் அனுபவமுள்ள கட்டடப் பொறியியலாளர் ஒருவரையும், இயன்றால் நல்ல தச்சர் ஒருவரையும் அழைத்துச் செல்லுங்கள். அதற்குள் முற்பணம் கொடுத்தே ஆகவேண்டுமாயின், பெருங்குறை காணப்பட்டால் பணம் திருப்பித் தரப்படும் என்று உடன்படிக்கையில் எழுதுவியுங்கள். கண்டதை எழுத்திலே பெறுங்கள். வெளிநாட்டிலிருந்து வாங்குவோர், உறவினரின் கைபேசிப் படத்தை இதற்கு ஈடாகக் கொள்ளாதீர்கள்.

உறுதி, வீடு நம்முடையது என்று சொல்லும். அந்த வீட்டின்கீழ் நம் பிள்ளைகள் அச்சமின்றி உறங்கலாமா என்பதை உறுதி சொல்லாது. அதைச் சுவரிடமும் கூரையிடமும் கிணற்றிடமுமே கேட்கவேண்டும்.