கழற்றாத தொப்பி: ஆங்கிலேயத் தலையணி மரபும் நீதிமன்ற மதிப்பும்

ஆடவர் தொப்பி அணிவதற்கும் கழற்றுவதற்கும் உரிய ஐரோப்பிய நெறிகள் நற்பழக்கத்தின் ஒரு கூறாகவே பெரிதும் விளக்கப்படுகின்றன. யார் முன்னிலையில் யார் தலை திறந்து நிற்க வேண்டும் என்ற வினாவே அந்நெறிகளின் அடித்தளம். வழக்கத்தைப் பின்பற்றியவர்களைவிட, அதனை மறுத்தவர்களே இதனைத் தெளிவாகக் காட்டுகின்றனர். 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் சில நிகழ்வுகளையும், அவற்றின் தொலைவான எதிரொலி எனக் கொள்ளத்தக்க கொழும்பு வழக்கு ஒன்றையும் முன்வைத்து இக்கட்டுரை அதனை விளக்குகிறது.

அக்கால ஆங்கிலேயர் வீட்டினுள்ளும் தொப்பி அணிந்திருந்தனர். உணவு உண்ணும்போதும் அது தலையிலேயே இருந்தது. உணவின்போது தொப்பியைக் கழற்றி எறிந்ததால் தமக்குத் தடிமன் பிடித்ததாகச் சாமுவேல் பீப்ஸ் 1664ஆம் ஆண்டு நாட்குறிப்பில் எழுதியுள்ளார். எனவே கூரையின்கீழ் வந்ததும் தொப்பியை எடுப்பது என்ற பிற்கால வழக்கை அக்காலத்தின்மேல் ஏற்றிப் பார்த்தல் தவறு. தொப்பி கழற்றப்பட்டது இடத்திற்காக அன்று, ஆளுக்காக. மகன் தந்தைக்கும், பணியாள் தலைவனுக்கும், குடிமகன் நடுவருக்கும் தலை திறந்தனர். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கும்படி சாதியால் கட்டாயப்படுத்தப்பட்டோரின் வரலாற்றை அறிந்த தமிழ் ஆய்வாளருக்கு இச்செய்கையின் பொருள் எளிதில் விளங்கும்.

1649 சனவரியில் விசாரணைக்குக் கொண்டுவரப்பட்ட முதலாம் சார்லஸ் மன்னர் தம் தொப்பியைக் கழற்றவில்லை. தம்மை விசாரிக்கும் அதிகாரம் அம்மன்றத்திற்கு இல்லை என்பதை அவர் வாயால் சொன்னதுபோலவே தலையாலும் சொன்னார். அதே ஆண்டு ஏப்ரலில், பொதுநிலத்தைத் தோண்டிப் பயிரிட்ட ஜெரார்டு வின்ஸ்டன்லியும் வில்லியம் எவரார்டும் படைத்தலைவர் ஃபேர்ஃபாக்ஸ் முன் தொப்பியுடனேயே நின்றனர். அவரும் தங்களைப்போன்ற ஒரு படைப்பே என்பது அவர்கள் கூறிய காரணம். மன்னரின் செயலும் நிலமற்றோர் செயலும் ஒன்றே. நோக்கங்கள் நேர் எதிரானவை.

இம்மறுப்பைக் கொள்கையாக்கியோர் குவேக்கர்கள். தலை திறத்தல் இறைவனுக்கு மட்டுமே உரியது என்பதால் வழிபாட்டில் தொப்பியை எடுத்தனர், மனிதர்முன் எடுக்கவில்லை. உயர்ந்தோரைப் பன்மையில் விளிக்கும் வழக்கையும் கைவிட்டு, அனைவரையும் ஒருமையிலேயே அழைத்தனர். ‘நீ’, ‘நீங்கள்’ என்ற வேறுபாட்டுடன் வாழும் தமிழருக்கு அதன் கூர்மை புரியும். இதன் விலை வீட்டிலேயே தொடங்கியது. பின்னாளில் மில்டனுக்கு நூல் வாசித்த தாமஸ் எல்வுட், தந்தைமுன் தொப்பியுடன் நின்றதற்காக அடிபட்டார். தந்தை அவருடைய தொப்பிகளை ஒவ்வொன்றாகப் பறித்துக்கொள்ள, குளிர்காலத்தில் வெறுந்தலையுடன் இருக்க நேர்ந்தது. மகனைத் தலை திறக்கவைக்க முயன்ற தந்தை, தொப்பியே இல்லாதவனாக்கினார் என்பது இதன் முரண்.

இவ்வகையில் மிகுந்த விளைவை உண்டாக்கியது 1670 செப்டம்பரில் இலண்டன் பழைய பெய்லியில் நடந்த வழக்கு. கிரேஸ்சர்ச் தெருவில் கூட்டம் கூட்டிக் கலகம் விளைவித்ததாக வில்லியம் பென், வில்லியம் மீடு ஆகியோர் குற்றம்சாட்டப்பட்டனர். அவர்கள் நுழையும்போது அலுவலர் ஒருவர் தொப்பிகளை எடுத்துவிட்டார். நகரத் தலைவர் சாமுவேல் ஸ்டார்லிங் அவற்றை மீண்டும் தலையில் வைக்கச் செய்தார். பின்னர், தொப்பியுடன் நின்றது நீதிமன்ற அவமதிப்பு எனக் கூறி ஒவ்வொருவருக்கும் 40 மார்க் தண்டம் விதிக்கப்பட்டது. அது 26 பவுண்டுக்கும் மேற்பட்ட தொகை. நீதிமன்ற ஆணைப்படியே தொப்பி தலையேறியதால் தண்டம் கட்டவேண்டியது நீதிமன்றமே என்று பென் வாதிட்டார். சட்டப்படி இவ்வாதத்திற்கு விடை கூறுவது கடினம்.

உணவும் நெருப்பும் மறுக்கப்பட்டும் சான்றாயர் குற்றமின்மைத் தீர்ப்பிலிருந்து மாறவில்லை. அதற்காக அவர்களும் தண்டம் பெற்றனர். அவர்களுள் ஒருவரான எட்வர்டு புஷலின் மனுவின்மீது தலைமை நீதிபதி ஜான் வாகன் அளித்த தீர்ப்பே, தீர்ப்புக்காகச் சான்றாயரைத் தண்டித்தல் கூடாது என்ற நெறியை நிலைநிறுத்தியது. சட்ட வரலாறு இதனைப் போற்றுகிறது. எனினும் விடுவிக்கப்பட்ட பென் வீடு திரும்ப இயலவில்லை. குற்றத்திற்காக அன்று, தொப்பித் தண்டம் கட்டாமைக்காக அவர் நியூகேட் சிறையில் இருந்தார். தண்டம் செலுத்தப்பட்டு அவர் வெளிவந்த சில நாள்களில், செப்டம்பர் 16இல், அவருடைய தந்தை இறந்தார். மன்னர் முன்னும் தம் முன்னுமாவது தொப்பியைக் கழற்றுமாறு முன்பு மகனிடம் வேண்டியவர் அத்தந்தையே.

ஆங்கிலேயர் ஆட்சி பரவிய கீழைநாடுகளில் சிக்கல் வேறு வடிவம் கொண்டது. அங்குத் தலையை மூடுதலும் காலணியைக் கழற்றுதலுமே மதிப்பாகக் கருதப்பட்டன. ஐரோப்பியக் காலணி அணிந்த இந்தியர் கல்கத்தாவில் அதனைக் கழற்றாமலே அதிகாரிகள்முன் வரலாம் என 1854இல் தலைமை ஆளுநர் அவை இசைந்தது. தொப்பி குறித்த மோதல் 1905இல் இலங்கையில் வெடித்தது. யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த முஸ்லிம் வழக்கறிஞர் எம். சி. அப்துல் காதர் துருக்கித் தொப்பியுடன் கொழும்பு உச்ச நீதிமன்றத்தில் தோன்றியதைத் தலைமை நீதிபதி சார்லஸ் பீட்டர் லேயர்டு ஏற்கவில்லை. நீதிபதியின் கண்ணுக்கு அது கழற்றப்படாத தொப்பி. அணிந்தவருக்கோ மூடிய தலையே மன்றத்திற்குச் செய்யும் மதிப்பு. பென், மதிப்பு மறுக்கவே தொப்பியை வைத்திருந்தார். அப்துல் காதர் மதிப்புச் செய்யவே வைத்திருந்தார். இருவரையும் மன்றம் ஒரே அளவுகோலால் அளந்தது. ஆண்டிறுதியில் மருதானைப் பள்ளிவாசல் வளாகத்தில் முஸ்லிம்கள் பெருந்திரளாகக் கூடித் தம் எதிர்ப்பைத் தெரிவித்தனர். பின்னர் அத்தொப்பியுடனேயே வழக்காட இசைவு கிடைத்தது.